மூட்டையோடு ஏறியவள்

முதல் தகவல் அறிக்கையில் நான் சொன்னதாக இருப்பது மொத்தம் ஒன்பது வரி. சாய்வான கையெழுத்து, கார்பன் நகல், ஓரத்தில் கசிந்த நீலம். அந்த ஒன்பது வரியையும் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். தீபம் என்ற சொல் இரண்டு இடத்தில் இருக்கிறது. தவிடு என்ற சொல் ஓர் இடத்தில் இருக்கிறது. மல்லாட்டை என்ற சொல் எங்குமே இல்லை. அந்த ஒரு சொல் இல்லாமல் போனதால் என் அண்ணி ஒற்றைக் காலோடு வருஷக்கணக்கில் கோர்ட்டுப் படி ஏறினாள். அதை விட்டவள் நான்தான். கடைசிவரை மறைத்து வைத்துச் சொல்ல இது ஒன்றும் மர்மக் கதையில்லை, ஆகையால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. கடைத்தெருவில் மணிலா என்பார்கள். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் எல்லார் வாயிலும் அது மல்லாட்டைதான். அண்ணன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர், பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் தலைகாட்டுவார். இருந்த கொஞ்சம் மேட்டு நிலத்தை உழுது விதைத்து அறுத்து எல்லாம் அண்ணிதான். மல்லாட்டையை எண்ணெய் மில்லுக்குப் போட்டால் கட்டுப்படியாகவில்லை என்று தெரிந்ததும், யாரிடமும் யோசனை கேட்காமல் பெரிய அண்டா ஒன்றை வாங்கிவந்தாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, பச்சை மல்லாட்டையைக் கல்லுப்புப் போட்டு வேகவைத்து, ஈரச் சாக்கால் மூடி வைத்து விற்பாள். ஆழாக்கால் அளந்து காகிதப் பொட்டலத்தில் கொட்டும்போது எப்போதும் ஒரு கை கூடப் போடுவாள். அவள் குரல் இருக்கிறதே, அது தனி. "நடந்து வந்த காலுக்குத் தெம்பு, வாங்க சாமி!" என்று கூவினால் பத்துக் கடை தாண்டிக் கேட்கும். சொந்த நிலத்துக் காய் போதாமல் அக்கம்பக்கத்தில் வாங்கியும் வேகவைத்தாள். கார்த்திகை தீபத்தன்று மட்டும் நாலு மூட்டை போகும்.

நான் எங்கள் தெருவில் முதலில் பி.காம் முடித்தவள். பரீட்சை எழுதி, கலெக்டர் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலையும் வாங்கியிருந்தேன். நான் சொல்லப்போகிற விபத்து நடந்தது தொண்ணூறுகளின் பின்பாதியில். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. திருவண்ணாமலை டவுனில் பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். ஆபீசில் யாராவது வீட்டைப் பற்றிக் கேட்டால், "விவசாயம், சொந்த நிலம்" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வேன். என்னைப் படிக்கவைத்த பீஸில் பாதி அந்த அண்டாவிலிருந்து வந்தது. அதைச் சொல்ல என் நாக்கு எழவில்லை. நடைபாதையில் உட்கார்ந்து பொட்டலம் விற்கிறவள் என் அண்ணி என்று தெரிந்தால் எனக்கு ஒரு மதிப்புக் குறைந்துவிடும் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய மதிப்பு பாருங்கள், டைப்பிஸ்ட் மதிப்பு! இப்போது நினைத்தாலும் என்மேல் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் பக்கத்து வழக்கம் இரண்டை இங்கே சொல்லியாக வேண்டும். மூட்டையை லாரியில் போட்டு அனுப்பினால் அதற்குச் சீட்டு, பில் எதுவும் கிடையாது. வாடகையைப் பேசி, மூட்டையை ஏற்றி, மூட்டைக்காரரும் கூடவே ஏறி அதன்மேல் உட்கார்ந்துகொள்ள வேண்டும். இறங்குகிற இடத்தில் எந்த மூட்டைமேல் எவர் உட்கார்ந்திருக்கிறாரோ அது அவருடையது. அதில் தகராறு வந்து நான் பார்த்ததில்லை. இரண்டாவது வழக்கம் தீபத்தைப் பற்றியது. தீபத்தன்று திருவண்ணாமலைக்குப் புறப்படுகிறவரை எங்கே என்று கேட்டால், வளையல் விற்கப் போகிறவரானாலும் வாழைத்தார் விற்கப் போகிறவரானாலும் "தீபத்துக்கு" என்றுதான் சொல்வார். சம்பாதிக்கப் போகிறேன் என்று அன்றைக்கு வாயால் சொல்லக்கூடாது. மலைமேல் ஜோதி ஏறுகிற நாளில் அது அபசாரம்.

அந்த வருஷ தீபத்துக்கு நான் முதல்நாளே ஊருக்கு வந்திருந்தேன். காலையில் எங்கள் ஊர் அரிசி மில் லாரி தவிட்டு மூட்டைகளோடு டவுனுக்குக் கிளம்பியது. அண்ணி டிரைவரிடம் கால்மணி நேரம் பேரம் பேசி, தன் நாலு மூட்டையையும் அண்டாவையும் விறகுக்கட்டையும் ஏற்றினாள். தீபம் பார்க்கிற ஜனம் ஏழெட்டுப் பேர் தவிட்டு மூட்டைமேல் தொற்றிக்கொண்டார்கள். அவர்களிடம் டிரைவர் ஒன்றும் வாங்கவில்லை, தீபப் புண்ணியம் என்றார். நான் கஞ்சி போட்ட காட்டன் சேலை கட்டியிருந்தேன். சேலையில் சாக்கு வாடை ஒட்டும் என்று முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். அண்ணி பின்னாலிருந்து, "கலெக்டர் பாப்பாவுக்கு மெத்தை போடுங்கப்பா!" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள், நான் திரும்பிப் பார்க்கவில்லை.

டிரைவர் விரட்டிக்கொண்டு போனார். கூட்டம் சேர்வதற்குள் டவுனுக்குள் நுழைந்துவிட வேண்டும் என்ற அவசரம். ஏரிக்கரைத் திருப்பத்தில் எதிரே பஸ் வந்தது. ஒதுங்கப் போய்ப் பின்சக்கரம் கரைச்சரிவில் இறங்கி, லாரி இடதுபக்கமாகப் படுத்துவிட்டது. தவிட்டிலும் சேற்றிலும் விழுந்தவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. எனக்கு நெற்றியில் சின்ன வெட்டு. அண்ணி மட்டும் அவள் மூட்டையோடு சரிந்திருந்தாள். அண்டா உருண்டுவந்து, அவள் இடதுகாலைப் பக்கப் பலகையோடு சேர்த்து நசுக்கியிருந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது ரோட்டோரத்தில் சிதறிக் கிடந்த காயை இரண்டு ஆடுகள் தின்றுகொண்டிருந்தன. "அதுங்களை ஓட்டுடி பாப்பா" என்றாள். அதன் பிறகுதான் தன் காலைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோன பிறகு, போலீஸ் ஏட்டய்யா வராந்தாவுக்கு வந்து யார் வாக்குமூலம் தருவது என்று கேட்டார். படித்தவள் நான்தான் என்று ஊர்க்காரர்கள் என்னை முன்னால் தள்ளினார்கள். அந்த நேரம் பார்த்து என் ஆபீஸ் ஹெட் கிளார்க் அங்கே நின்றுகொண்டிருந்தார். யாரோ உறவினரைப் பார்க்க வந்தவர், என் நெற்றிக் கட்டைப் பார்த்துப் பதறிப் பக்கத்தில் வந்துவிட்டார்.

"எங்கம்மா போய்கினு இருந்தீங்க?" என்றார் ஏட்டய்யா.

"தீபத்துக்கு, சார்."

"அடிபட்டவங்க?"

"எல்லாருமே தீபத்துக்குத்தான்."

"லாரில லோடு இன்னா?"

"தவிடு சார். மில்லு தவிடு."

இவ்வளவுதான். இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் மல்லாட்டை என்று சொல்ல வாய் திறந்தேன், ஹெட் கிளார்க் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தேன், மூடிக்கொண்டேன். எழுதியதைப் படித்துக்காட்டினார், கையெழுத்துப் போட்டேன். அன்று சாயங்காலம் மலைமேல் தீபம் ஏற்றியபோது ஆஸ்பத்திரி வாசலில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று அரோகரா என்றார்கள். அண்ணிக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

நஷ்டஈட்டு மனு போடலாம் என்று சொன்னவர், கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த வக்கீல். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். வெற்றிலை போட்டபடி பேசுவார், பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டாக இருக்கும். லாரிக்கு இன்சூரன்ஸ் இருந்தது. டிரைவர் மேல் தப்பு என்பதிலும் சந்தேகமில்லை. சீக்கிரம் முடிந்துவிடும் என்றுதான் நாங்கள் நம்பினோம். சில மாதம் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனியின் பதில் வந்தது. வக்கீல் எங்களை வரச்சொல்லி அதைத் தமிழில் சொன்னார். மனுதாரர் சரக்கு வாகனத்தில் இலவசமாகப் பயணம் செய்தவர், ஆகவே கம்பெனிக்குப் பொறுப்பில்லை. மனுதாரர் வருமானம் ஏதுமற்ற இல்லத்தரசி. ஆதாரம், அவருடைய நாத்தனாரே கொடுத்த வாக்குமூலம்.

"இலவசமான்னா?" என்றாள் அண்ணி.

"நீ ஓசில போனியாம். அதான் அர்த்தம்மா."

அந்த அறையில் அண்ணி போட்ட சத்தம் ஜெராக்ஸ் கடைவரை கேட்டிருக்கும். "ஓசியா? நானா? டிரைவர்கிட்ட தொண்டை வத்தப் பேரம் பேசினது ஓசிக்கா? என் மூட்டைமேல நான் உக்காந்து போனேன். என் அண்டா என் காலை ஒடச்சிது. வருமானம் இல்லியாமே! அப்ப இவளை எவன் படிக்க வெச்சான், அவன் கம்பெனியா?" என்று என்னைக் கைகாட்டினாள். நான் தரையைப் பார்த்தேன்.

வக்கீல் அவள் ஓயும்வரை காத்திருந்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். சட்டத்தில் திருத்தம் வந்துவிட்டது. சரக்கு லாரியில் சரக்குக்குச் சொந்தக்காரர் தன் சரக்கோடு போய் அடிபட்டால் கம்பெனி கொடுத்துத்தான் ஆக வேண்டும். சும்மா தொற்றிக்கொண்டு போனவருக்குக் கம்பெனி தரவேண்டியதில்லை. ஆகவே கேஸ் முழுக்க ஒரே கேள்வியில் நிற்கிறது: அந்த லாரியில் அண்ணிக்குச் சரக்கு இருந்ததா, இல்லையா. லாரிக்காரர் வாய் திறக்க மாட்டார், ஆளேற்றியதற்குப் பர்மிட் போய்விடும் என்ற பயம். டிரைவர் எங்கோ போய்விட்டார். கூட வந்த ஊர்க்காரர்கள் கோர்ட் என்றதும் நழுவினார்கள். எழுத்தில் இருப்பது என் ஒன்பது வரி.

என்னைக் கீழே போய் வாக்குமூலத்தை ஜெராக்ஸ் எடுத்துவரச் சொன்னார்கள். எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறும்போது வக்கீல் குரல் கேட்டது. "இதுக்குச் சுலபமா ஒரு வழி இருக்குதும்மா. உனக்கும் நாத்தனாருக்கும் ஆவாது, வன்மத்துல மாத்திச் சொல்லிட்டான்னு பெட்டிஷன்ல சேத்துடலாம். குடும்பத்துல நடக்கறதுதானே, ஜட்ஜ் நம்புவாரு."

நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

"அதெல்லாம் வேணாங்க" என்றாள் அண்ணி. "எங்க ரெண்டு பேர் சண்டை எங்க வீட்டுக்குள்ள. கோர்ட்ல அவ எங்க வீட்டுப் பொண்ணு."

"அப்ப அந்தப் பொண்ணே வந்து கூண்டுல ஏறி, ஏன் சொல்லலன்னு சொல்லணும். வருமா?"

அண்ணி ஊன்றுகட்டையை எடுக்கிற சத்தம் கேட்டது. எனக்கு அழுகை முட்டியது. என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாகவும் இருந்தது.

வசதிக்குத் தகுந்த மாதிரியே நடந்துகொண்டேன். சாட்சி சொல்ல வரச்சொன்ன மூன்று வாய்தாவுக்கும் நான் போகவில்லை. ஒருமுறை ஆடிட் என்றேன், ஒருமுறை காய்ச்சல் என்றேன், மூன்றாம் முறை காரணம்கூடச் சொல்லவில்லை. போலீசுக்கு மறைத்தேன் என்று கோர்ட்டில் ஒத்துக்கொண்டால் அரசாங்க வேலை என்ன ஆகும் என்று பயம். அதைவிடப் பெரிய பயம், ஏன் மறைத்தேன் என்று சொல்ல வேண்டுமே! கோர்ட்டில் வெளிப்படையாகப் பேசினால் கலெக்டர் ஆபீசுக்குச் செய்தி வர எவ்வளவு நேரமாகும்?

இந்தச் சமயத்தில் கம்பெனி ராசிக்கு வந்தது. கோர்ட் வளாகத்திலேயே சமரச அமர்வு ஒன்று வைப்பார்கள், அதற்கு அழைத்தார்கள். அன்றைக்கு அண்ணனும் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். சாட்சி சொல்ல வேண்டியதில்லை என்பதால் நானும் போயிருந்தேன். கம்பெனி ஆபீசர் மரியாதையான மனிதர், அண்ணிக்கு நாற்காலி போடச் சொன்னார். மனுவில் கேட்டதில் கொஞ்சத்தைச் சொல்லி, "சட்டப்படி எங்களுக்குப் பொறுப்பு இல்லம்மா. ஆனா உங்க நிலைமையைப் பார்த்து கருணை அடிப்படையில தர்றோம். இலவசமா போனதா ஒத்துக்கிட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க, அடுத்த மாசமே செக் வந்துடும்" என்றார்.

அண்ணன் பேனாவுக்குக் கை நீட்டிவிட்டார். "வாங்கிக்கலாம், இன்னும் எத்தினி வருஷம் அலையறது" என்று முணுமுணுத்தார். அவரைக் குற்றம் சொல்லவில்லை, அவர் கூலிக்குப் போகிறவர்.

அண்ணி கட்டையை ஊன்றி எழுந்து நின்றாள். "கருணையா? கருணை கேக்கறதுன்னா எங்க ஊர்ல பெரிய கோபுரமே இருக்குது சார், உள்ள போய்க் கேட்டுக்கறேன். உங்ககிட்ட நான் கருணை கேட்டு வரல. மூட்டைக்கு வாடகை பேசி ஏறினேன், என் கால் போச்சு, அதுக்கு உண்டானதைக் கேக்கறேன். ஓசின்னு எழுதி நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு என் அண்டாகூட என்னைக் காறித் துப்பும்." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். வாசலில் ஆறு படி. கட்டையை முதலில் இறக்கி, சுவரைப் பிடித்து, காலை இறக்கி, அடுத்த படி. பிடிக்கப் போன அண்ணன் கையைத் தட்டிவிட்டாள். வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு மானம் போனது அங்கேதான், வேறு எங்கும் இல்லை. அடுத்த வாய்தாவுக்கு வருகிறேன் என்று வக்கீலிடம் நானே போய்ச் சொன்னேன்.

முதலில் அண்ணியை விசாரித்தார்கள். கம்பெனி வக்கீல் கெட்டிக்காரர். சுற்றிவளைக்காமல், "தீபத்துக்குத்தானே போனீங்க?" என்று கேட்டார்.

"ஆமாங்க, தீபத்துக்குத்தான்" என்றாள் அண்ணி.

எங்கள் வக்கீல் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். இல்லை, வியாபாரத்துக்குப் போனேன் என்று சொல்லும்படி எத்தனை தரம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்! சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்கிறார்கள், அண்ணாமலையான் காதில் விழுகிற தூரத்தில் கோர்ட் இருக்கிறது, தீபத்துக்குப் போகவில்லை என்று அவள் எப்படிச் சொல்வாள்?

"அப்ப வியாபாரத்துக்குப் போகல?"

"அதுக்கும்தான் போனேன்."

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"ஏங்க, கோயில் வாசல்ல தேங்கா கடை வெச்சிருக்கறவரு சாமி கும்புடறதே இல்லியா? அவரைப் போய் ரெண்டுல ஒண்ணு சொல்லுன்னு கேப்பீங்களா?"

"மூட்டை ஏத்தினதுக்கு ரசீது இருக்கா?"

"எங்க ஊர்ல அதெல்லாம் குடுக்க மாட்டாங்க. மூட்டையோட ஆள் ஏறணும். ஆள்தான் சீட்டு. அந்தச் சீட்டுல பாதி கிழிஞ்சி போச்சி, மீதி உங்க எதிர்ல நிக்குது, பாத்துக்குங்க."

ஜட்ஜ் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். நாலு மூட்டை மல்லாட்டை, ஒரு அண்டா, ஒரு விறகுக்கட்டு என்று வரிசையாகச் சொன்னேன். கம்பெனி வக்கீல் என் ஒன்பது வரியை எடுத்து என் கையில் கொடுத்து, மல்லாட்டை எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னார். இல்லை என்றேன்.

"நீங்க பட்டதாரி. அரசு ஊழியர். போலீசுக்குப் பொய் சொன்னீங்கன்னு எடுத்துக்கலாமா?"

"பொய் சொல்லல. பாதி சொன்னேன்."

"மீதியை ஏன் சொல்லல?"

கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். "எங்க அண்ணி கிரிவலப் பாதையில வேகவெச்ச மல்லாட்டை விக்கிறாங்க. அன்னிக்கி என் ஆபீஸ் ஹெட் கிளார்க் பக்கத்துல இருந்தாரு. அவருக்குத் தெரிஞ்சா கேவலம்னு நெனச்சேன். அதனால மறைச்சேன். அவங்க சம்பாதிச்சு என்னைப் படிக்க வெச்சாங்க. நான் படிச்ச படிப்பை வெச்சே அவங்க சம்பாத்தியத்தை மறைச்சு, அவங்களை ஓசின்னு எழுதவெச்சிட்டேன்." கடைசி வாக்கியம் முடியுமுன் அழுதுவிட்டேன். கேட்காததையும் சொல்லிவிட்டேன் என்று எங்கள் வக்கீல் பிறகு கடிந்துகொண்டார். எனக்குக் கவலையில்லை.

எங்கள் வக்கீல் அலைந்து தேடி வாங்கிய இன்னும் இரண்டு காகிதத்தை நீட்டினார். ஒன்று, ஆஸ்பத்திரிப் பதிவேட்டின் நகல். உள்ளே கொண்டுபோன நிமிஷமே டியூட்டி டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்டிருக்கிறார், அண்ணி சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார்: லாரி சாய்ந்து அண்டா காலில் விழுந்தது. இன்னொன்று, சம்பவ இடத்தைப் பார்த்து அதே ஏட்டய்யா எழுதிய மகஜர். அதில் மூட்டை எல்லாம் தவிடு என்றே போட்டிருந்தாலும், நசுங்கிய அண்டா ஒன்று என்றும் இருந்தது. ஜட்ஜ் இரண்டையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "தீபம் பார்க்கப் போறவங்க கையில அண்டா எதுக்குங்க?" என்று கம்பெனி வக்கீலைக் கேட்டார். பின்னால் யாரோ சிரித்தார்கள். கம்பெனி வக்கீல் காகிதத்தைப் புரட்டினார்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. கம்பெனி விடுமா? சென்னையில் ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போனார்கள். அதில் இன்னும் சில வருஷம் ஓடியது. அதற்குள் அண்ணி செயற்கைக் கால் போட்டுப் பழகி, அதே இடத்தில் மறுபடி அடுப்பு மூட்டியிருந்தாள். கேஸ் நடக்கிறது, வியாபாரத்துக்குப் போனால் கால் போனதற்கான நஷ்டஈடு குறைந்துவிடும், கொஞ்ச நாள் வீட்டில் இரு என்று யாரோ யோசனை சொன்னார்களாம். "காலுதான் போச்சு, கைக்கு இன்னா வந்துச்சு?" என்று கேட்டுத் துரத்திவிட்டாள். என் ஆபீசில் எதிர்பார்த்த பூகம்பம் எதுவும் வரவில்லை. ஹெட் கிளார்க் ஒருநாள் என் மேஜைக்கு வந்து, "உங்க அண்ணி கடை எந்தப் பக்கம்மா? எங்க வீட்ல வேகவெச்ச கடலைன்னா உசுரு" என்றார். இவருக்குப் பயந்தா என்று தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆனபின் ஹைகோர்ட் அப்பீலைத் தள்ளுபடி செய்தது. நகல் கைக்கு வந்த அன்று பௌர்ணமி. மத்தியானமே பர்மிஷன் போட்டுக் கிளம்பி, கிரிவலப் பாதைக்கு ஓடினேன். அண்ணி அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குந்தி, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழாக்கிப் படித்தேன். மனுதாரர் தம் சொந்தச் சரக்குடன் சென்ற வியாபாரி என்ற கீழ்க்கோர்ட் முடிவு சரியானது.

"இன்னொரு தரம் படி."

படித்தேன்.

"ஓசின்னு எங்கியாவது இருக்குதா?"

"கம்பெனி அப்படிச் சொன்னாங்கன்னு ஒரு இடத்துல இருக்குது."

"சொன்னது அவன்தானே. இருந்துட்டுப் போவுது." காகிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

"அண்ணி, நீ மட்டும் அன்னிக்கி வக்கீல் சொன்ன மாதிரி என்மேல பழி போட்டிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும். எனக்குத் தெரியும், படியில நின்னு கேட்டேன். நீ என்னை மன்னிச்சிட்டதால..."

"யாரு மன்னிச்சா?" என்றாள்.

இன்னொரு விறகை உள்ளே தள்ளினாள்.

"கம்பெனிக்காரன்கிட்ட உன்னை விட்டுக் குடுக்கல. அவன் யாருடி நம்ம வீட்டுப் பொண்ணைப் பத்திப் பேச? அது வேற. மன்னிச்சேன்னு நான் எப்ப சொன்னேன்?" அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். குரல் ஏறவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நீ வேலைக்குச் சேந்த புதுசுல, ஒரு பௌர்ணமிக்கு உன் ஆபீஸ் பொண்ணுங்களோட நடந்து வந்த. நான் தூரத்துலயே உன்னைப் பாத்துட்டேன். சூடா நாலு பொட்டலம் கட்டி வெச்சேன், உன் சிநேகிதிங்களுக்கும் சேத்து. நீ என்னைப் பாத்த. பாத்துட்டு ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிட்ட. கால் போனதுக்குக் கேஸ் போட்டேன், ஜெயிச்சேன். இதுக்கு எந்தக் கோர்ட்ல போடறது, சொல்லு. படிச்சவதானே நீ?"

அவள் பார்க்கவில்லை என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அந்தப் பௌர்ணமியை நான் யாரிடமும் சொன்னதில்லை, கூண்டில் ஏறி அழுதபோதுகூட.

அப்போது நடந்துவந்தவர்கள் கடைமுன் நின்றார்கள். அண்ணி ஆழாக்கை எடுத்தாள், பழைய பேப்பர் கட்டை என் மடியில் போட்டாள். "உக்காரு. மடி" என்றாள். மடித்தேன். அவள் நிமிர்ந்து, பத்துக் கடை தாண்டிக் கேட்கிற அந்தக் குரலில் ரோட்டைப் பார்த்துக் கூவினாள்: "வாங்க சாமி, வாங்க! கலெக்டர் ஆபீஸ் அம்மா கையால மடிச்சுக் குடுக்கற பொட்டலம்! என் சொந்த நாத்தனாரு, சாமி!"

காதெல்லாம் சூடாகிவிட்டது எனக்கு. எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை, பிரமோஷன் வந்து சூப்பரின்டெண்ட் ஆன பிறகும், ஒவ்வொரு பௌர்ணமிக்கும் போய் உட்காருகிறேன். இப்போது மூட்டை லாரியில் வருவதில்லை, மினி வேனில் வருகிறது, வேன்காரர் சீட்டு எழுதித் தருகிறார். அண்ணிக்குத் தலை நரைத்துவிட்டது, குரல் நரைக்கவில்லை. மன்னித்துவிட்டாயா என்று நான் திரும்பக் கேட்டதில்லை. அவளும் கூவுவதை நிறுத்தவில்லை.